இருபது வாதங்களும் ஒரு தீர்ப்பும்

1160-களின் பிற்பகுதி. மொராக்கோவையும் ஸ்பெயினின் தென்பகுதியையும் சேர்த்து ஆண்டுகொண்டிருந்த கலீஃபா அபூ யாகூப் யூசுஃபின் சபை. அரசவை வைத்தியர் இப்னு துஃபைல், தெரிந்தவர் ஒருவரை அறிமுகம் செய்துவைக்க அழைத்து வருகிறார். வந்தவருக்கு நாற்பதை ஒட்டிய வயது. கார்டோபா நகரத்து நீதிபதிகள் குடும்பம். சட்டம், வைத்தியம் இரண்டும் அத்துப்படி. பெயர் இப்னு ருஷ்து.

கலீஃபா முதலில் குசலம் விசாரித்தார். ஊர் எது, அப்பா யார், வம்சம் என்ன. அடுத்த கேள்வியிலேயே குண்டைத் தூக்கிப் போட்டார். இந்த வானம் எப்போதுமே இருந்துவருகிறதா, இல்லை ஒரு நாள் படைக்கப்பட்டதா? தத்துவவாதிகள் இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள்?

இப்னு ருஷ்துவுக்கு வெலவெலத்துப் போய்விட்டது. எனக்குத் தத்துவமெல்லாம் பழக்கமே இல்லை என்று சொல்லிவிட்டார். அரிஸ்டாட்டிலுக்கு உரை எழுதி உலகப் புகழ் பெறப்போகிற மனிதர் சொன்ன பச்சைப் பொய் அது. கலீஃபா கெட்டிக்காரர். முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டார். இப்னு துஃபைல் பக்கம் திரும்பி, அரிஸ்டாட்டில் என்ன சொன்னார், பிளேட்டோ என்ன சொன்னார், மார்க்க அறிஞர்களின் மறுப்பு என்ன என்று தானே பேச ஆரம்பித்தார். கலீஃபாவே இவ்வளவு படித்திருக்கிறாரா என்று இப்னு ருஷ்துவுக்கு மெல்லப் பயம் தெளிந்தது. வாயைத் திறந்தார். பரிசோடு வீடு திரும்பினார். பிற்பாடு அவரே தன் மாணவரிடம் சொன்ன கதை இது. மர்ராகுஷி என்ற சரித்திர ஆசிரியர் எழுதிவைத்திருக்கிறார்.

பிரபஞ்சத்துக்கு ஆரம்பம் உண்டா இல்லையா என்பதால் அன்றைக்குக் கோதுமை விலை ஏறப்போவதுமில்லை, இறங்கப்போவதுமில்லை. அப்படிப்பட்ட கேள்விக்குப் பதில் சொல்ல, படித்த மனிதர் ஒருவர் ஏன் நடுங்க வேண்டும்?

இதற்கு ஊரில் ஒரு ரெடிமேட் பதில் உண்டு. அரபு உலகம் அறிவியலில் கொடிகட்டிப் பறந்தது. கஸ்ஸாலி என்று ஒருவர் வந்தார். தத்துவத்தைத் திட்டி ஒரு புத்தகம் எழுதினார். அன்றோடு அங்கே சயின்ஸ் செத்தது. மேடைகளில், புத்தகங்களில், இப்போது வாட்ஸ்அப்பில் எல்லாம் உலவுகிற கதை. பகுத்தறிவாளர்களுக்கு ரொம்பப் பிடித்த கதை.

எதிர்த் தரப்பிலும் ஒரு ரெடிமேட் கதை உண்டு. பிரபஞ்சத்துக்கு ஆரம்பம் இருக்கிறது என்று எங்கள் வேதம் அன்றே சொல்லிவிட்டது. பிக் பாங் வந்து அதை நிரூபித்துவிட்டது. கேஸ் முடிந்தது, எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். இதைச் சொல்லாத மதம் இன்றைக்கு எது என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

இரண்டுமே சோம்பேறிக் கதைகள். அந்தக் காலத்தில் நிஜமாகவே சண்டை போட்டவர்கள் யாரும் இவ்வளவு சோம்பேறிகள் இல்லை. என்ன சண்டை என்று முதலில் பார்த்துவிடுவோம்.

*

ஆரம்பித்து வைத்தவர் அரிஸ்டாட்டில். உலகத்துக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை என்றார். கி.பி. 529-ல் அலெக்சாண்ட்ரியாவில் ஜான் ஃபிலோபோனஸ் என்ற கிறிஸ்தவர் அதை மறுத்து ஒரு தடிப் புத்தகம் எழுதினார். உலகம் எப்போதும் இருந்தது என்றால், இன்றைய தேதிக்கு வந்து சேர முடிவில்லாத வருஷங்கள் கழிந்திருக்க வேண்டும்; முடிவில்லாதது எப்படி முடிந்தது? இதுதான் அவர் கேள்வி.

ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் கிரேக்க நூல்கள் மளமளவென்று அரபுக்கு வந்தன. அரிஸ்டாட்டிலும் வந்தார். அவரை மறுத்தவர்களும் கூடவே வந்தார்கள். அரபுகளின் முதல் தத்துவவாதி என்று பெயரெடுத்த அல் கிந்தி யார் பக்கம் சேர்ந்தார் தெரியுமா? அரிஸ்டாட்டில் பக்கம் இல்லை. காலம் எல்லையுள்ளது, உலகத்துக்கு ஆரம்பம் உண்டு என்று லாஜிக் வைத்து வாதாடினார். ஆக, 'தத்துவம் என்றால் அநாதி உலகம், மதம் என்றால் படைக்கப்பட்ட உலகம்' என்ற சுலபமான பங்கீடு முதல் ஆளிடமே அடிபட்டுப் போகிறது.

அடுத்து வந்த மருத்துவ மேதை அபூ பக்கர் அல் ராஸி (இறந்தது 925) மூன்றாவதாக ஒரு வழி சொன்னார். கடவுள், ஆன்மா, பருப்பொருள், காலம், வெளி ஆகிய ஐந்தும் அநாதி. நாம் பார்க்கிற இந்த உலகம் மட்டும் பிற்பாடு உருவானது.

பிறகு வந்தார் இப்னு சீனா (980–1037). சும்மா சொல்லக்கூடாது, அசாத்திய மூளை. கடவுளையும் விடவில்லை, அரிஸ்டாட்டிலையும் விடவில்லை. கொத்தனார் வீடு கட்டுகிறார். கட்டி முடித்துவிட்டு ஊருக்குப் போய்விட்டாலும் வீடு நிற்கிறது. கடவுளுக்கும் உலகுக்கும் உள்ள உறவு அப்படிப்பட்டது இல்லை என்றார். விளக்கும் வெளிச்சமும் போல என்று வைத்துக்கொள்ளலாம். விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருந்தால் வெளிச்சமும் எப்போதும் இருக்கும். அதற்காக வெளிச்சம் விளக்கின் தயவில் இல்லை என்று ஆகிவிடுமா? உலகம் அநாதி. ஆனாலும் ஒவ்வொரு கணமும் கடவுளைச் சார்ந்தே நிற்கிறது.

அவர் தரப்பின் பலமான கேள்வி இன்னொன்று. கடவுள் ஒரு குறிப்பிட்ட கணத்தில் உலகத்தைப் படைத்தார் என்றால், ஏன் அந்தக் கணம்? அதற்கு முந்தின கணம் ஏன் ஆகாது? புதிதாக ஆசை வந்ததா? சக்தி வந்ததா? மாறாதவருக்குள் எது மாறியது?

யோசித்துப் பாருங்கள். இன்றைக்கும் மூச்சுத் திணற வைக்கிற கேள்வி.

*

இந்த இடத்தில்தான் அபூ ஹாமித் அல் கஸ்ஸாலி வருகிறார். 1058-ல் ஈரானின் தூஸ் நகரில் பிறந்தவர். இமாம் கஸ்ஸாலி என்றால் தமிழ் முஸ்லிம் வீடுகளிலும் தெரியும். முப்பத்து மூன்று வயதில் பாக்தாதின் நிஜாமியா கல்லூரியில் பேராசிரியர் பதவி. அன்றைய உலகில் அதற்கு மேல் ஒரு பதவி கிடையாது. 1095-ல் 'தஹாஃபுத் அல் ஃபலாஸிஃபா'வை எழுதி முடித்தார். தத்துவவாதிகளின் தடுமாற்றம் என்று பொருள் சொல்லலாம். மொத்தம் இருபது விவாதங்கள். முதல் விவாதமே, நீளமான விவாதமே, உலகம் அநாதியா என்பதுதான்.

'ஏன் அந்தக் கணம்?' என்ற கேள்விக்கு அவர் பதிலைக் கேளுங்கள். பசித்தவன் முன்னால் இரண்டு பேரீச்சம்பழங்கள். நிறம், அளவு, தூரம் எல்லாம் அச்சாக ஒன்றே. ஒன்றைத்தான் எடுக்கலாம். எதை எடுப்பது என்று காரணம் தேடிக்கொண்டு பட்டினி கிடப்பானா? ஒன்றை எடுத்துச் சாப்பிடுவான். ஒரே மாதிரியான இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் சித்தம் என்பதன் வேலையே. கடவுளின் சித்தமும் அநாதி. அது தேர்ந்த கணம் மட்டும் அநாதி இல்லை.

அடுத்தது நமக்கு இன்னும் நெருக்கமான கணக்கு. குருப்பெயர்ச்சி, சனிப்பெயர்ச்சி பார்க்கிற ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சனி ஒரு சுற்று வர முப்பது வருஷம், குரு ஒரு சுற்று வரப் பன்னிரண்டு. 360 வருஷத்தில் சூரியன் 360 சுற்று, குரு 30, சனி 12. சரி, உலகம் அநாதி என்றால் மூன்றுமே இதுவரை முடிவில்லாத சுற்றுகள் சுற்றியிருக்க வேண்டும். அப்படியானால் சனியின் கணக்கு சூரியன் கணக்கில் முப்பதில் ஒரு பங்கா, இல்லை இரண்டும் சமமா? அந்த முடிவில்லாத எண் ஒற்றைப்படையா, இரட்டைப்படையா? ஒற்றை என்றால் இன்னொரு சுற்றில் இரட்டையாகிவிடுமே, முடிவில்லாததற்கு ஒன்று எப்படிக் குறைந்தது?

போன சுற்றுகள் போய்விட்டன, அவை இப்போது இல்லையே, இல்லாததை எண்ணுவானேன் என்று இப்னு சீனா கட்சி தப்பிக்கப் பார்க்கும் என்பது கஸ்ஸாலிக்குத் தெரியும். வாசலிலேயே மடக்கினார். செத்தவர்களின் ஆன்மா அழிவதில்லை என்பதும் உங்கள் கொள்கைதானே? மனிதகுலம் அநாதியாக இருந்தால், முடிவில்லாத ஆன்மாக்கள் இந்த நிமிஷம் சேர்ந்தே இருக்க வேண்டுமே? அதற்கென்ன பதில்?

சரி, உலகத்துக்கு முன்னால் என்ன இருந்தது? 'முன்னால்' என்பதே கற்பனையின் சேட்டை என்றார் கஸ்ஸாலி. உலகத்தின் கடைசி எல்லைக்கு அப்பால் வெற்றிடம் இருப்பதாக மனசு நினைத்துக்கொள்கிறது அல்லவா? அதே மாதிரிதான் உலகத்துக்கு முன்னால் காலம் இருந்ததாகவும் நினைத்துக்கொள்கிறது. காலமும் உலகத்தோடு சேர்ந்து பிறந்ததே.

முக்கியமாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். நான் சொல்வதை நிரூபிக்க இந்தப் புத்தகத்தை எழுதவில்லை, நீங்கள் நிரூபித்துவிட்டதாகச் சொல்கிறீர்களே, அது நிரூபணமே இல்லை என்று காட்டத்தான் எழுதுகிறேன் என்று அவரே தெளிவாகச் சொல்லிவிடுகிறார்.

எண்பத்தைந்து வருஷம் கழித்து, 1180 வாக்கில், சபையில் நடுங்கிய அதே இப்னு ருஷ்து அவருக்குப் பதில் எழுதினார். பெயரே கிண்டல்: 'தடுமாற்றத்தின் தடுமாற்றம்'. கஸ்ஸாலியின் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துவைத்து வரிவரியாக மறுத்தார். பழத்தில் ஒன்றை எடுத்தவன் பழத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை, பட்டினிக்குப் பதில் சாப்பாட்டைத் தேர்ந்தெடுத்தான் என்றார். வேறொரு நூலில் குர்ஆனையே துணைக்கு அழைத்தார். இறைவனின் அரியணை நீரின் மேல் இருந்தது என்று ஒரு வசனம் (11:7). வானம் புகையாக இருந்தது என்று இன்னொன்று (41:11). நீரும் புகையும் முன்பே இருந்தன என்றுதானே மேலோட்டமாகப் படித்தால் வருகிறது? சுத்த சூனியத்திலிருந்து படைத்தான் என்று நேரடியாக எங்கே இருக்கிறது என்று கேட்டார். இந்த வாசிப்பை ஏற்காத உரையாசிரியர்கள் நிறையப் பேர். ஆனால் அவர் வேதத்தை மறுத்து வாதாடவில்லை, வேதத்தை வைத்தே வாதாடினார் என்பதுதான் விஷயம்.

*

இப்போது முதல் கதைக்கு வருவோம். கஸ்ஸாலி சயின்ஸைக் கொன்றாரா?

கணிதம் சைத்தானின் வேலை என்று கஸ்ஸாலி சொன்னதாக மேடையில் பேசியவர்கள் உண்டு. அவருடைய தன்வரலாற்றைப் புரட்டிப் பார்த்தாலே போதும். கணிதம் நிரூபிக்கப்பட்ட விஷயம், தெரிந்துகொண்ட பிறகு அதை மறுக்க வழியே இல்லை என்கிறார். அவர் பயந்தது வேறு இரண்டுக்கு. கணக்கு சரியாக இருக்கிறதே என்று மயங்கி, கணக்குப் போட்டவர் கடவுளைப் பற்றிச் சொல்வதும் அதே அளவு சரி என்று நம்பிவிடுவது ஒன்று. அறிவியலை மொத்தமாக மறுப்பதுதான் மார்க்கத்துக்குச் செய்யும் சேவை என்று நினைக்கிற அசட்டு நண்பன் இன்னொன்று.

'தஹாஃபுத்' முன்னுரையில் கிரகணத்தையே உதாரணம் காட்டுகிறார். சூரியனுக்கும் சந்திரனுக்கும் நடுவே பூமி வருவதால் சந்திர கிரகணம். இது கணக்கில் நிரூபணமானது. மார்க்கத்தின் பெயரால் இதை மறுக்கக் கிளம்புகிறவன், மார்க்கத்தின் எதிரியைவிட அதிகக் கேடு செய்கிறான் என்பது அவர் கருத்து. இந்த மனிதரையா சயின்ஸைக் கொன்றவர் என்கிறோம்?

அவருக்குப் பிறகு என்ன நடந்தது என்பதற்கும் சாட்சி இருக்கிறது. கஸ்ஸாலி இறந்தது 1111-ல். 1259-ல் மராகாவில் நஸீருத்தீன் தூஸி பெரிய வானியல் ஆராய்ச்சிக்கூடம் கட்ட ஆரம்பித்தார். இதயத்தின் வலப்பக்கத்து ரத்தம் நுரையீரல் வழியாகத்தான் இடப்பக்கம் வருகிறது என்று எழுதிய இப்னு அல் நஃபீஸ் இறந்தது 1288-ல். பதினான்காம் நூற்றாண்டில் டமாஸ்கஸ் உமையா பள்ளிவாசலில் தொழுகை நேரம் கணித்துச் சொல்லும் உத்தியோகத்தில் இருந்தார் இப்னு அல் ஷாத்திர். சந்திரனின் ஓட்டத்துக்கு அவர் போட்ட கணக்கு மாதிரியே 1543-ல் கோபர்நிகஸ் புத்தகத்திலும் இருக்கிறது. சமர்கண்டில் அல் காஷி 1424-ல் பையின் மதிப்பைத் தசமப் புள்ளிக்குப் பின் 16 இலக்கம் வரை துல்லியமாகக் கண்டார். செத்துப்போன சயின்ஸ் முந்நூறு வருஷம் இப்படியா நடமாடும்?

பிற்பாடு தேக்கம் வரவில்லையா? வந்தது. 1258-ல் மங்கோலியர்கள் பாக்தாதை அழித்ததா, ராஜாக்களின் ஆதரவு போனதா, வணிகம் கைமாறியதா என்று சரித்திர ஆசிரியர்கள் இன்னமும் சண்டை போடுகிறார்கள். ஒரே ஒரு ஆளைப் பிடித்துப் பழியைக் கட்டிவிட்டால் சண்டை போடுகிற சிரமம் இல்லை. பழி சொல்கிறவருக்கு வசதி, அவ்வளவுதான்.

இந்த வசதிக்குப் பெரிய மேடை கிடைத்தது 1883-ல். பாரீஸின் சோர்போனில் எர்னஸ்ட் ரெனான் பேசினார்: இஸ்லாமும் அறிவியலும் சேராது. அதே ஊரில் அப்போது இருந்த ஜமாலுத்தீன் அல் ஆஃப்கானி பத்திரிகையில் பதில் எழுதினார். முஸ்லிம் உலகில் அறிவியல் ஒடுக்கப்பட்டதை அவர் மறைக்கவில்லை. ஆனால் அதை இஸ்லாம் மட்டுமா செய்தது, மற்ற மதங்களின் கை சுத்தமா என்று கேட்டார். நியாயமான கேள்வி. இதே பாரீஸுக்குக் கொஞ்ச நேரத்தில் திரும்பி வருவோம்.

*

இரண்டாவது கதை: பிக் பாங் வந்தது, வேதம் ஜெயித்தது.

1927-ல் பெல்ஜியத்துக் கத்தோலிக்கப் பாதிரியார் ஜார்ஜ் லெமைத்ர், பிரபஞ்சம் விரிவடைகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். 1931-ல் எல்லாம் ஓர் ஆதி அணுவிலிருந்து தொடங்கியது என்றார். 1951-ல் போப் பன்னிரண்டாம் பயஸுக்கு உற்சாகம் தாங்கவில்லை. அறிவியலே படைப்புக்குச் சாட்சி சொல்லிவிட்டது என்று பேசினார். சந்தோஷத்தில் துள்ளிக் குதித்திருக்க வேண்டிய லெமைத்ருக்கு வந்தது சங்கடம். என் கணக்கு வேறு, நம் விசுவாசம் வேறு, இரண்டையும் முடிச்சுப் போடாதீர்கள் என்பது அவர் நிலை. பாதிரியாரே சொன்னார் ஐயா!

அவர் சங்கடத்துக்குக் காரணம் உண்டு. 1948-ல் ஹாயிலும் நண்பர்களும் பிரபஞ்சத்துக்குத் தொடக்கமே இல்லை என்ற நிலைமாறாக் கொள்கையை முன்வைத்திருந்தார்கள். பெரிய பெரிய விஞ்ஞானிகள் அதன் பின்னால் நின்றார்கள். பிக் பாங் என்ற பெயரே 1949-ல் வானொலியில் ஹாயில் வைத்ததுதான். 1965-ல் பின்னணிக் கதிர்வீச்சு பற்றிய அறிவிப்பு வந்த பிறகுதான் தராசு சாய்ந்தது. இப்போது நான் கேட்கிறேன். 1950-ல் நிலைமாறாக் கொள்கை ஜெயித்திருந்தால் வேதம் தோற்றுவிட்டது என்று ஒப்புக்கொண்டிருப்பீர்களா? மாட்டீர்கள். வேறு வசனத்தைத் தேடியிருப்பீர்கள். ஜெயித்தால் எனக்கு, தோற்றால் கணக்கிலேயே வராது என்று ஆடுவதற்குப் பெயர் நிரூபணமா?

இன்றைக்கும் விஷயம் முடிந்துவிடவில்லை. பிரபஞ்சம் சுமார் 1,380 கோடி வருஷங்களுக்கு முன் மிகுந்த வெப்பமும் அடர்த்தியுமாக இருந்தது என்பதற்கு வலுவான ஆதாரம் இருக்கிறது. அதுதான் முதல் கணமா, அதற்கு முன்னால் இன்னொரு கட்டம் இருந்ததா? இது திறந்த கேள்வி. ஹார்ட்டிலும் ஹாக்கிங்கும் 1983-ல் ஒரு பதில் சொன்னார்கள். பென்ரோஸ் வேறு பதில் சொல்கிறார். யாரும் வழக்கை மூடவில்லை.

கஸ்ஸாலியின் ஆரம்ப வாதத்தையே 1979-ல் வில்லியம் லேன் கிரெய்க் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவ தத்துவவாதி தூசி தட்டி எடுத்து, 'கலாம் வாதம்' என்று தலைப்பிலேயே போட்டுப் புத்தகம் எழுதினார். அலெக்சாண்ட்ரியா கிறிஸ்தவரிடமிருந்து பாக்தாத் முஸ்லிமுக்குப் போன வாதம், மறுபடி கிறிஸ்தவரிடமே வந்துவிட்டது. வாதத்துக்கு மதம் கிடையாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை. ஆனால் பாஸ் மார்க் இன்னும் நிச்சயமில்லை. சனி, சூரியன் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 1870-களில் கணித மேதை கேன்டர் வந்தார். முடிவிலியில் ஒரு பகுதியும் முழுசும் சமமாக இருக்கலாம், அதில் முரண்பாடு ஒன்றுமில்லை என்று காட்டினார். 1, 2, 3 என்று எண்ணிக்கொண்டே போங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 30, 60, 90 என்று எழுதிக்கொண்டே வாருங்கள். எந்த வரிசையும் முதலில் தீராது. முப்பதில் ஒரு பங்கும் முழுசும் ஒன்றே. கஸ்ஸாலியின் பொறி கணிதத்தில் வேலை செய்யவில்லை. காகிதத்தில் இருக்கும் முடிவிலி நிஜ உலகத்திலும் இருக்க முடியுமா என்று தத்துவவாதிகள் தொடர்கிறார்கள். தொடரட்டும்.

காலம் உலகத்தோடு பிறந்தது என்று கஸ்ஸாலி சொன்னாரே, அது இன்றைய இயற்பியல் மாதிரியே இருக்கிறதே என்று சிலருக்குப் புல்லரிக்கும். அவருக்கு எழுநூறு வருஷம் முன்பே புனித அகஸ்டினும் அதைச் சொல்லியிருக்கிறார். இரண்டு பேரிடமும் தொலைநோக்கி இல்லை. வாதத்தை அதன் கடைசி வரை விடாமல் துரத்தினார்கள், அவ்வளவுதான். அந்தத் துரத்தலுக்குத்தான் மரியாதை. நமக்கு முன்னோர் ஜோசியம் சொல்லியிருந்தால்தான் பெருமை என்று ஏன் தோன்றுகிறது?

*

அப்படியானால் கஸ்ஸாலி மேல் குற்றமே இல்லையா? இருக்கிறது. ஆனால் பழி சொல்கிறவர்கள் விரல் நீட்டும் இடத்தில் இல்லை.

இருபது விவாதங்களும் முடிந்த பிறகு ஒரு சின்ன முடிவுரை வருகிறது. இப்படியெல்லாம் சொல்கிறவர்களை இறைமறுப்பாளர்கள் என்று அறிவிக்கிறீர்களா, அவர்களைக் கொல்லலாமா என்று ஒருவர் கேட்டால் என்ன பதில்? பதினேழு விஷயங்களில் அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்கிறார். மூன்றில் ஆமாம் என்கிறார். கடவுளுக்குத் தனித்தனி நிகழ்ச்சிகள் தெரியாது என்பது ஒன்று. இறந்த உடல்கள் எழுப்பப்படுவதை மறுப்பது ஒன்று. இன்னொன்று, உலகம் அநாதி என்பது.

நிரூபணம் இல்லை என்று காட்ட மட்டுமே வந்தவர், கடைசிப் பக்கத்தில் நீதிபதி நாற்காலியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். இதுதான் குற்றம். எதிராளியின் கொள்கை நிரூபிக்கப்படவில்லை என்பது அறிவின் வேலை. நிரூபிக்காத கொள்கைக்காக அவன் தலை போகலாம் என்பது அறிவின் வேலையே இல்லை. இப்னு ருஷ்து கலீஃபா முன்னால் நடுங்கியது பேரீச்சம்பழ வாதத்துக்காக இல்லை. அந்த வாதத்துக்கு வரிவரியாகப் பதில் எழுதியவர் அவர். இந்தக் கேள்விக்குத் தப்பான பதில் சொன்னால் தலையே தப்பாது என்கிற காற்று அடித்துக்கொண்டிருந்தது. அதற்காகத்தான் நடுங்கினார்.

அந்தப் பயம் வீண் போகவில்லை. 1195-ல் அடுத்த கலீஃபாவின் ஆட்சியில் இப்னு ருஷ்துவை லூஸெனாவுக்கு நாடு கடத்தினார்கள். தத்துவ நூல்களை எரித்தார்கள். பின்னணியில் அரசியலும் இருந்தது. எப்போதும் இருக்கும். பிறகு சமாதானமாகிக் கூப்பிட்டுக்கொண்டார்கள். 1198-ல் மராக்கேஷில் இறந்தார்.

கஸ்ஸாலியே பிற்பாடு இன்னொரு நூலில், எடுத்ததற்கெல்லாம் ஒருவனைக் காஃபிர் என்று முத்திரை குத்தாதீர்கள் என்று எச்சரித்து எழுதினார். இப்னு ருஷ்துவும் சுதந்திரத்தின் அவதாரம் இல்லை. இந்த விஷயங்களைச் சாதாரண ஜனங்களுக்கான புத்தகங்களில் எழுதியதே தப்பு என்று கஸ்ஸாலியைக் கோபித்துக்கொண்டவர் அவர். ஜனங்களோடு சேர்ந்து யோசிக்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை.

சரி, பாரீஸ். 1277 மார்ச் மாதம் அந்த ஊர் பிஷப் 219 கருத்துகளைப் பட்டியல் போட்டுத் தடை செய்தார். கற்றுக்கொடுத்தால் சபையிலிருந்து நீக்கம். உலகம் அநாதி என்பதும் அந்தப் பட்டியலில் உண்டு. அதே கேள்வி, அதே தீர்ப்பு, வேறு மதம். ஆஃப்கானி கேட்டதில் என்ன தப்பு?

*

இந்தச் சரித்திரத்தில் எனக்குப் பிடித்தவர்கள் ஜெயித்தவர்களும் இல்லை, தோற்றவர்களும் இல்லை. தெரியாததைத் தெரியாது என்று சொன்னவர்கள்.

கார்டோபாவில் பிறந்து எகிப்தில் வைத்தியம் பார்த்த யூத அறிஞர் மைமோனிடஸ் ஒருவர். அரபியில்தான் எழுதினார். அநாதி என்பதற்கும் நிரூபணம் இல்லை, ஆரம்பம் என்பதற்கும் நிரூபணம் இல்லை. நான் படைப்பை ஏற்கிறேன், ஆனால் நிரூபித்துவிட்டதாகப் பொய் சொல்ல மாட்டேன் என்பது அவர் நிலைப்பாடு. தடைப்பட்டியல் வருவதற்குச் சில வருஷம் முன்பு தாமஸ் அக்வினாஸும் பாரீஸில் கிட்டத்தட்ட இதையே சொன்னார்: ஆரம்பம் என்பது விசுவாசத்தில் தெரிவது, வாதத்தில் நிரூபிக்கக்கூடியது இல்லை. கறாரானவர் என்று பெயரெடுத்த இப்னு தைமிய்யா (1263–1328) இன்னும் ஆச்சரியம். படைக்கப்பட்ட ஒவ்வொன்றுக்கும் ஆரம்பம் உண்டு, ஆனால் இறைவன் படைத்துக்கொண்டே இருப்பதற்கு ஆரம்பம் இல்லை என்றார். 'எங்கள் மதத்தில் இதற்கு ஒரே பதில்தான்' என்று மைக்கைப் பிடிக்கிறவர்கள் இவரைக் கொஞ்சம் படித்துவிட்டுப் பேசலாம்.

எல்லோரையும்விட இப்னு துஃபைல். சபைக்கு நண்பரை அழைத்துப் போனாரே, அதே வைத்தியர். 'ஹைய் இப்னு யக்ஸான்' என்று ஒரு கதை எழுதினார். ஆளில்லாத தீவில், மானிடம் பால் குடித்து வளர்கிற பையன். குரு இல்லை, வேதம் இல்லை, பயமுறுத்த ஆளும் இல்லை. சொந்த மூளையால் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துக்கொண்டே வருகிறான். ஒரு நாள் இந்தக் கேள்வியில் வந்து முட்டிக்கொள்கிறான். உலகத்துக்கு ஆரம்பம் உண்டா? இந்தப் பக்க வாதமும் பலமாக இருக்கிறது, அந்தப் பக்க வாதமும் பலமாக இருக்கிறது. வருஷக்கணக்கில் யோசிக்கிறான். தராசு எந்தப் பக்கமும் சாயவில்லை. கடைசியில் எந்த வழியில் போனாலும் தனக்கு வேண்டிய இடத்துக்கே, அதாவது கடவுளிடமே, போய்ச் சேரலாம் என்று கண்டுகொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போகிறான்.

தீவில் தனியாக இருந்ததால் அவனால் அப்படி இருக்க முடிந்தது. ஊரில் இருந்திருந்தால் ஒரு கூட்டம் அவனை நாத்திகன் என்றிருக்கும், இன்னொரு கூட்டம் மதவாதி என்றிருக்கும்.

கஸ்ஸாலியிடம் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. மறுப்பு எழுதுவதற்காக அவர் எதிரிகளின் தத்துவத்தை முதலில் கரைத்துக் குடித்தார். அதை நடுநிலையாக விளக்கி 'மகாஸித்' என்று தனிப் புத்தகமே போட்டார். அது லத்தீனுக்குப் போனபோது, படித்த ஐரோப்பியர்கள் இவரை இப்னு சீனாவின் சிஷ்யர் என்றே நினைத்துவிட்டார்கள். எதிரியின் கட்சியை எதிரியே ஒப்புக்கொள்ளும்படி எடுத்துச் சொல்வது! நம் டிவி விவாதத்தில் எதிராளி ஒரு வாக்கியத்தை முழுசாக முடிக்கக் கடைசியாக எப்போது விட்டார்கள், ஞாபகம் இருக்கிறதா?

கஸ்ஸாலியைத் தூக்கிப் பிடிக்கிறவர்களும் சரி, தூற்றுகிறவர்களும் சரி, பெரும்பாலும் அந்த இருபது விவாதங்களைத் தாண்டிக் குதித்துக் கடைசிப் பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். ஒருவருக்கு அங்கே தீர்ப்பு கிடைக்கிறது, இன்னொருவருக்குக் குற்றவாளி கிடைக்கிறார். நடுவில் இருக்கிற பேரீச்சம்பழமும் சனிக்கிரகமும்தான் நிஜமான சொத்து. அதை இரண்டு தரப்பும் தொடவில்லை.

புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படியுங்கள். கடைசிப் பக்கம் வந்ததும் மூடிவைத்துவிட்டு, ஒற்றையா இரட்டையா என்று நீங்களே கொஞ்ச நேரம் யோசித்துப் பாருங்கள். தப்பாகச் சொன்னால் தலை போகாது என்கிற காலத்தில் இருக்கிறோம். அந்த வசதி இப்னு ருஷ்துவுக்குக் கிடைக்கவில்லை.